கோவா ஏன் நண்பகலில் வாடுகிறது: மலையக வீட்டுத்தோட்டங்களின் மண், மழை, நோய்

மலையகத் தோட்டங்களில் லயத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு துண்டு நிலத்தில் மரக்கறி போட்டிருப்பவர்கள் மருந்துக் கடையில் போய்க் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கோவா வாடுது, என்ன மருந்து அடிக்கலாம்?" விடையும் பெரும்பாலும் ஒரு சிறிய போத்தலாகவே வருகிறது. செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தீர்களா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நுவரெலியா, தலவாக்கலை, அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று இந்தச் சரிவுகளில் வீட்டுத்தோட்டம் செய்வோரின் தொல்லைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி பூச்சியிலோ பூஞ்சணத்திலோ தொடங்குவதில்லை என்பதே என் முடிவு. மண்ணின் புளிப்பிலும், தேங்கி நிற்கும் நீரிலும், நாள் முழுக்க ஈரம் காயாத இலையிலும் அவை தொடங்குகின்றன. நோய் பிறகுதான் வந்து சேர்கிறது.

இந்த மண்ணை நம்பி ஏமாந்தவர்கள் முன்பும் இருந்தார்கள். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர், கறுத்துச் செழிப்பாகத் தெரிந்த நிலத்தைப் பார்த்து மயங்கினார். முதலில் போட்ட உருளைக்கிழங்கைப் புழு தின்றது. எரு போடாமல் இந்த நிலம் எதையும் தராது என்பதை அவர் பணத்தைச் செலவழித்துத்தான் கற்றார். 1855இல் வெளியான தம் நூலில் அதை எழுதியும் வைத்தார். குளிரில் இலைதழை மெதுவாக மக்குவதால்தான் இங்கே மண் கறுப்பாக இருக்கிறது. அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் பெருமழை எப்போதோ கழுவிக்கொண்டு போய்விட்டது. நிறத்தைப் பார்த்து மண்ணை மதிப்பிடும் பழக்கம் சமவெளியிலிருந்து வந்தது, இந்த உயரத்தில் அது செல்லாது.

அடுத்த பாடத்தைக் கோப்பி கற்பித்தது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு, இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பெரும் தொழிலையே சரித்துவிட்டது. அதை ஆராய 1880இல் வந்து 1882 வரை தங்கியிருந்த மார்ஷல் வார்ட், பூஞ்சண வித்து இலைமேல் விழுந்தால் மட்டும் போதாது, முளைத்து உள்ளே நுழைய அதற்கு இலைமேல் நீர் வேண்டும் என்பதைக் காட்டினார். மலை மலையாக ஒரே பயிர் நின்றதும் துருவுக்கு வழி திறந்துவிட்டது. ஈர இலை, ஒரே பயிர் என்ற இந்த இரண்டையும் இன்றைய வீட்டுத்தோட்டக்காரர் மனதில் வைத்துக்கொண்டால் பாதி மருந்துச் செலவு குறையும்.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிய பயிர் மலைகளை மூடியது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவானது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அது இன்றும் இயங்குகிறது. மரக்கறிக்கும் உருளைக்கிழங்குக்கும் சீத்தாஎலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தேயிலைச் செடியின் ஒவ்வொரு இலைப்புள்ளிக்கும் இங்கே பெயர் உண்டு, மருந்தும் உண்டு. அந்தக் கொழுந்தைப் பறிப்பவரின் வாசலில் நிற்கும் கோவாவைப் பற்றிப் பேசியவர்கள் மிகவும் குறைவு. அந்தக் கோவா நிற்பது தேயிலைக்கென்று பழகிய மண்ணில் என்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் அடிவேர்.

தேயிலை புளித்த மண்ணை விரும்பும் செடி. பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். கோவா, கரட், பீட்ரூட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் 6க்கும் 6.5க்கும் இடையே இருந்தால்தான் நிமிரும். எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது. 5க்குக் கீழே மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கிறது. பொசுபரசு மண்ணோடு கட்டுண்டு செடிக்குக் கிடைக்காமல் போகிறது. தேயிலை அலுமினியத்தை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு நலமாக இருக்கும். பீட்ரூட்டால் அது முடியாது. அதோடு, பல பத்தாண்டுகளாக அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் விழுந்த நிலம் இயல்பைவிடவும் புளித்துத்தான் கிடக்கும். இப்படிப்பட்ட பாத்தியில் கரட் விரலளவில் நின்றுவிடும், பீட்ரூட் இலை சிவந்து சுருங்கும், கோலிஃபிளவரின் இலை சதை பிடிக்காமல் வார் வாராக நீளும். இவை எதற்கும் பூச்சி காரணமில்லை. எந்த மருந்தும் கேட்காது.

மண் புளிப்பா இல்லையா என்று அறிய ஆய்வுகூடம்தான் வேண்டும் என்பதில்லை. பங்களா வாசல்களிலும் லயத்து ஓரங்களிலும் ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கும். புளித்த மண்ணில் அலுமினியம் செடிக்குள் ஏறுவதால் அது நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு விழுந்த இடத்தில் அதே செடி இளஞ்சிவப்பாகிவிடும். வெள்ளைப்பூ வகைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் வாசலில் பூ கருநீலமாக இருந்தால் அந்த மண்ணில் நேராகக் கோவா நடுவது வீண் வேலை. பன்னம் அடர்ந்து தானாக முளைக்கும் மூலையும் அதையேதான் சொல்கிறது.

திருத்தம் எளிது, ஆனால் மெதுவானது. திகன, மாத்தளைப் பக்கங்களில் வெட்டியெடுக்கும் டொலமைற்றைக் கவ்வாத்துக் காலத்தை ஒட்டித் தோட்டங்களே தேயிலைக்குப் போடுகின்றன. தொழிலாளர் கையாலேயே அது தூவப்படுகிறது. அதே தூளை வீட்டுப் பாத்திக்கும் போடலாம். ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் தூவி, முக்கால் அடி ஆழம் வரை மண்ணோடு கலந்து, நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னரே விட்டுவைக்க வேண்டும். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் சேர்த்துப் போடக்கூடாது, தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். அதன் முழுப்பலன் தெரிய ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும் என்பதால், உடனே மாற்றம் இல்லையென்று மறுபடியும் அள்ளிக் கொட்டுவது தவறு. டொலமைற்றில் மக்னீசியமும் இருக்கிறது. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக நிற்க இடையிலுள்ள பகுதி மட்டும் மஞ்சளிக்கும் குறை இங்கே மிகப் பரவலானது. அதற்கும் இதுவே மருந்து. உருளைக்கிழங்குப் பாத்தியை மட்டும் இதிலிருந்து விலக்கிவிடலாம். கிழங்கு ஓரளவு புளிப்பைப் பொறுக்கும், சுண்ணாம்பு கூடினால் தோலில் சொறி விழும்.

காசில்லாமல் கிடைப்பது அடுப்புச் சாம்பல். கவ்வாத்துக் குச்சி எரியும் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. சாம்பல் புளிப்பைச் சீக்கிரம் தணிக்கும், பொட்டாசியமும் தரும். மழையில் நனைந்து கிடந்த சாம்பலில் அந்தப் பொட்டாசியம் பெரும்பாலும் கரைந்து போயிருக்கும். தகரத்தில் போட்டு மூடி வைத்து, மெல்லிய படலமாகத் தூவுவதே பயனுள்ளது. தேத்தண்ணிச் சக்கையைச் செடியடியில் போடுவது கெடுதல் அல்ல, அது மக்கி மண்ணாகும். புளிப்பை மட்டும் அது குறைக்காது.

இனி அந்த வாடும் கோவாவுக்கு வருவோம். காலையில் நிமிர்ந்து நிற்கிறது, நண்பகல் வெயிலில் துவள்கிறது, மாலையில் திரும்ப எழுகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுகிறார்கள், இரண்டு வாரத்தில் செடி போய்விடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சிக் கிழங்காகத் தடித்துத் திரண்டிருக்கும். இது கதைவேர் நோய். இதை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் பதினைந்து இருபது ஆண்டுகள்கூட மண்ணில் உயிரோடு கிடக்கக்கூடியவை. புளித்த, ஈரம் வடியாத மண் அதற்கு மிகவும் பிடித்த இடம். பி.எச். 7ஐத் தாண்டினால் அது அடங்குகிறது. ஆகவே டொலமைற், உயர்ந்த பாத்தி, நீர் வடியும் கான் ஆகிய மூன்றும்தான் சிகிச்சை. வெளியிலிருந்து அது வருவது நாற்றோடும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும், சப்பாத்தோடும். தெரியாத இடத்து நாற்றை வாங்குவதைவிட, டொலமைற் கலந்த சுத்தமான மண்ணை ஒரு தட்டில் போட்டு விதையிட்டுச் சொந்தமாக நாற்று எடுப்பது நூறு பங்கு மேல். ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும்: கோவாவுக்குப் பிறகு முள்ளங்கியோ நோக்கோலோ போட்டுவிட்டுப் பயிர் மாற்றினேன் என்று பலர் நினைக்கிறார்கள். அவை ஒரே குடும்பம். நோய்க்கு அது மாற்றமே அல்ல. லீக்ஸ், கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு என்று குடும்பம் மாற வேண்டும்.

வேரைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் வேறு பல குழப்பங்களும் தீரும். போஞ்சி வேரில் உருண்டை உருண்டையாக இருப்பதைக் கண்டு பயந்து செடிகளை அழித்தவர்கள் உண்டு. நகத்தால் சுரண்டினால் கழன்று விழுந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் நல்ல முடிச்சு. வேரே வீங்கி, கழற்ற முடியாமல் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. தக்காளியோ உருளைக்கிழங்கோ இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று துவண்டால், தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து வெட்டுமுனை நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நிறத்தில் நூல் நூலாகக் கீழே இறங்கினால் அது பக்டீரியா வாடல். அதற்கு உலகில் எங்கும் மருந்து இல்லை. விற்றாலும் வாங்க வேண்டாம். செடியை மண்ணோடு அள்ளி அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு எதுவும் சில வருடங்களுக்குப் போடாமலிருப்பதே வழி. சின்னப் போஞ்சி நாற்று மஞ்சளித்து, தண்டின் அடி வீங்கி வெடித்திருந்தால் உள்ளே போஞ்சி ஈயின் புழு இருக்கும். முளைத்தவுடனே அடியில் மண் அணைத்து, மேலே சருகு போட்டால் செடி வெடிப்புக்கு மேலே புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்கிறது. நாற்று இரவில் வெட்டுண்டு காலையில் சாய்ந்து கிடந்தால், பக்கத்து மண்ணை விரலால் கிளறினாலே சுருண்ட வெட்டுப்புழு அகப்படும்.

நீரைப் பற்றிப் பேசும்போது மலையகம் முழுவதையும் ஒன்றாகப் பேச முடியாது. வட்டவளை, நோட்டன் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. நுவரெலியா நகரத்தில் 2000க்கும் சற்றுக் குறைவு. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் அட்டன், மஸ்கெலியா மேற்குச் சரிவுகளில் திறந்த பாத்தி நனைந்த வேரின் கல்லறையாகிவிடும். இந்தப் பிரச்சினைக்கு விடை கண்டவர்கள் தேயிலைத் தொழிலாளர்களேதான். சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டி, இடையிடையே மண் தங்கக் குழி விட்டு, நீரைப் பெரிய கானில் சேர்க்கும் வேலையை இவர்களைவிட நன்றாகச் செய்பவர்கள் இந்த நாட்டில் இல்லை. கம்பனியின் மலையில் அதைச் செய்யும் அதே கை, வீட்டு வாசலில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டு மண்ணை ஓடவிடுவதைக் காணும்போது மனம் நோகிறது. பாத்தி சரிவுக்குக் குறுக்காக, ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். கீழ்விளிம்பில் மானாப்புல்லோ குவாத்தமாலா புல்லோ ஒரு வரிசை நட்டால் மண் நிற்கும். வெட்டிய புல் மூடாக்காகும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். நாலு அடி இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்று லயத்தின் பின்சுவரை ஒட்டிய மேட்டை வெட்டி இறக்காதீர்கள். மேலிருந்து வரும் கானை மூடி அதன்மேல் பாத்தி போடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியதை இந்த மலை மறக்கவில்லை. அங்கே நடந்ததற்கு வீட்டுத்தோட்டம் காரணமல்ல. ஆனாலும் நீர் தேங்கிக் கனத்த சரிவு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை.

மேலே இலையில் தங்கும் ஈரம் வேறொரு கதை. தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் வரும் பின்வெளிறல் நோய் 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியது. அதற்குத் தேவை குளிர்ந்த காற்றும் பல மணி நேரம் காயாத இலையும்; நுவரெலியாவின் மூடுபனி இரண்டையும் தருகிறது. இலையோரத்தில் வெந்தது போன்ற கரும்பச்சைத் திட்டு, விடியற்காலையில் இலையின் அடிப்பக்கம் வெண்மையான மெல்லிய பூஞ்சணம், பிறகு நாலைந்து நாளில் முழுப்பாத்தியும் கருகல். கண்ணுக்குத் தெரிந்த பிறகு மருந்து அடிப்பதில் பெரிய பலன் இல்லை. மன்கோசெப் போன்றவையும், 1885இல் பிரான்சின் மெடொக் பகுதியில் மில்லார்டே அறிவித்த போர்டோ கலவை போன்ற செம்பு மருந்துகளும் நோய் வருமுன் இலையைக் காப்பவை மட்டுமே. வீட்டில் நாலு செடி தக்காளி வைப்பவருக்கு அவை தேவையே இல்லை. கூரைத் தாழ்வாரத்தின் கீழோ, நாலு கம்பு நட்டு மேலே மட்டும் பொலித்தீன் கட்டியோ மழை இலையில் படாமல் வளர்த்தால் போதும். பக்கங்களைத் திறந்து விட வேண்டும், காற்று ஓடாவிட்டால் பனியே இலையை நனைத்துவிடும். அடியிலைகளை முழங்கால் உயரம் வரை கிள்ளிவிட்டு, தண்ணீரைச் செடியின் தலையில் ஊற்றாமல் அடியில் காலையிலேயே ஊற்றுவது நல்லது. போன போகத்தில் மண்ணில் தப்பி நின்று தானாக முளைத்த உருளைக்கிழங்கு அடுத்த நோய்க்கு வித்து. ஆசையாக விட்டுவைக்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

பூச்சிகளைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. கோவா இலையைக் கண்ணாடிச் சாளரம் போல அரித்து, தொட்டால் நூலில் தொங்கும் சின்னப் பச்சைப் புழு வைரமுதுகு அந்துப்பூச்சியின் குழந்தை. உலகெங்கும் மருந்துக்கு மேல் மருந்தைத் தாங்கப் பழகிவிட்ட பூச்சி அது, பத்துக் கோவாவுக்காக அதோடு இரசாயனப் போர் நடத்துவது அறிவல்ல. காலையில் இலை திருப்பி நசுக்குவதும், நாற்றுப் பருவத்தில் பழைய நுளம்பு வலையால் மூடுவதும் வீட்டு அளவுக்குப் போதுமானவை. நத்தையை இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்க வேண்டும். மழைநாளில் சாம்பல் வளையம் அதைத் தடுக்காது.

எருவுக்கு வருவோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. அந்த மாதங்கள் காட்டிய கணக்கு எளியது. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. நல்ல கூட்டெருவில் ஒன்றோ இரண்டோதான். ஒரு பையின் இடத்தை இன்னொரு பையால் நிரப்ப முடியாது, கூடை கூடையாக வேண்டும், அதை முன்கூட்டியே செய்து வைத்திருக்கவும் வேண்டும். ஒரு வீட்டுக்குச் சேரும் குப்பை சூடேறும் அளவுக்குப் போதாது. குவியல் மூன்று அடிக்கு மூன்று அடியாவது இருந்தால்தான் நுவரெலியாக் குளிரிலும் உள்ளே வெந்து நாலு முதல் ஆறு மாதத்தில் மக்கும். ஆகவே லயத்துக்கு ஒரு குவியல் என்று பொதுவாகப் போடுவதும், மாட்டுப்பட்டிச் சாணத்தை அதில் சேர்ப்பதும், மேலே தகரமோ பொலித்தீனோ போட்டு மழையைத் தடுப்பதும் நல்ல வழி. கோழி எருவைப் பச்சையாகக் கரட்டுக்குப் போட்டால் கிழங்கு இரண்டு மூன்று காலாகப் பிரியும், இளஞ்செடி கருகும்.

சில செடிகள் நோயாலல்ல, இடத்தாலேயே வருந்துகின்றன. முருங்கையும் கறிவேப்பிலையும் நுவரெலியாவின் 1800 மீற்றருக்கு மேல் படும் பாட்டை மருந்தால் தீர்க்க முடியாது. சட்டியில் வைத்து, அடுப்படிச் சுவரோரம் வெயில் விழும் பக்கத்தில் நிறுத்தினால் கறிவேப்பிலை நாலு இலையாவது தரும். சனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் குளிர்காற்று தாழ்ந்த இடங்களில் போய்த் தங்கி உறைபனியாகும். போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்கு கருகும். லீக்ஸும் கோவாவும் தாங்கும். முதல் நாள் மாலையில் மண்ணை நனைத்து, சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடலாம்.

மருந்து தவிர்க்க முடியாத வேளையும் உண்டு. அப்போது, சிறு போத்தலில் பிரித்து ஊற்றிப் பெயரில்லாமல் விற்பதை வாங்காமல், சுட்டியோடு வாங்கி, அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று படித்து நடக்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் சமையலும் பிள்ளைகளின் தூக்கமும் நடக்கும் வீட்டுக்குள் அந்தப் போத்தலை வைக்கவே கூடாது. சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

இவ்வளவு தெரிந்தும் மக்கள் ஏன் போத்தலையே நாடுகிறார்கள் என்பதை அறியாமை என்று தள்ளிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. டொலமைற் வேலை செய்ய ஒரு வருடம் வேண்டும், கூட்டெரு மண்ணை மாற்ற மூன்று வருடம், பயிர்ச்சுழற்சிக்கு நாலு வருடம். லயத்து வாசல் நிலமோ தோட்டத்துடையது. 1972, 1975 நிலச்சீர்திருத்தமும், 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனதும் அந்த உண்மையை மாற்றவில்லை. அடுத்த வருடம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத பாத்திக்கு யார் சுண்ணாம்பு போடுவார்? இந்தப் போகத்தைக் காப்பாற்றும் என்று கடைக்காரர் சொல்வதைத்தான் வாங்குவார். அவர் நிலையில் அது நியாயமான முடிவே.

அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச், சிலவற்றில் 10 பேர்ச் காணி கிடைக்கிறது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு அதில் 51 சதுர மீற்றரை எடுத்துக்கொண்டாலும், பாதையும் கழிவறையும் போக நூறு சதுர மீற்றராவது பயிருக்கு மிஞ்சும். அந்த நூறு சதுர மீற்றருக்கு வேண்டிய டொலமைற் 20 கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்று இரண்டு தடவைக்குப் போதும். கோடிக்கணக்கில் செலவாகும் வீடமைப்பில் அந்த மூட்டையின் விலை கணக்கிலேயே வராது. வீட்டுச் சாவி கொடுக்கும் நாளில் அதையும், அந்தக் காணியின் மண் சோதனை முடிவைத் தமிழில் எழுதிய ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்கலாம். தமிழ் பேசும் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் முதல் வருடத்தில் போகத்துக்கு ஒரு தடவை வந்து, வாடிய செடியைப் பிடுங்கி வேரைக் காட்டிப் பேசட்டும். உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வராத குடும்பங்களுக்கு அதைக் கொடுத்து முடிப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.